வெள்ள நிவாரணத்தில் கிராம ஊராட்சியின் பங்கு உண்மையில் என்ன?

கேள்வி: வடகரை வார்டு உறுப்பினர்

விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் வடகரையை ஒட்டிய ஒரு சிறிய ஊராட்சியில் நான் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். 2021 அக்டோபரில் நடந்த தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டில் முதன்முறையாக நின்று வென்றேன். அதற்கு முன்பு மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் என்பதைத் தவிர எனக்கு நிர்வாக அனுபவம் எதுவும் கிடையாது. ஆகவே நான் கேட்பது சிலருக்கு அடிப்படையான கேள்வியாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் அரை மீட்டரை ஒட்டி மழை கொட்டியது. அதற்கடுத்து டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து ஏறத்தாழ 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட, ஆறு எங்கள் ஊருக்குள் வந்தது. அன்று முதல் நான்கு நாட்கள் தாழ்வான மூன்று தெருக்களின் மக்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு பொங்கியவர்கள் ஊராட்சிச் செயலரும், தண்ணீர்த் தொட்டி இயக்குபவரும், தூய்மைக் காவலர்களும், எங்கள் குழுப் பெண்களும்தான். மின்சாரம் இல்லாததால் பக்கத்து ஊரிலிருந்து ஜெனரேட்டர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பியதும் ஊராட்சிதான்.

டிசம்பர் 3ஆம் தேதி அரசு நிவாரணத்தை அறிவித்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இரண்டு நாட்களுக்கு மேல் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் குடும்ப அட்டையின் அடிப்படையில் ரூ.2,000, சேதமடைந்த குடிசைக்கு ரூ.10,000, நீர்ப்பாசனப் பயிருக்கு எக்டேருக்கு ரூ.17,000, மாடு இறந்திருந்தால் ரூ.37,500 என்று அந்த அறிவிப்பு இருந்தது. அந்த நொடியிலிருந்து ஊராட்சி என்ற ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். பட்டியல் கிராம நிர்வாக அலுவலரிடமும், டோக்கனும் பணமும் நியாயவிலைக் கடையிலும் இருந்தன. எங்களிடம் ஒரு பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை.

பணம் பெரும்பாலானவர்களுக்குச் சேர்ந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் விடுபட்டவர்கள் யார் என்று பார்த்தால், விடுபடவே கூடாதவர்கள். என் தெருவில் ஒரு பாட்டி, மகன் வீட்டுக்குப் பின்னால் சாய்த்துப் போட்ட கீற்றுக் கொட்டகையில் தனியே சமைத்துச் சாப்பிடுகிறார். அவர் பெயர் மகனின் அட்டையில் இருக்கிறது. மகனோ குடும்பத்துடன் திருப்பூரில் இருக்கிறார். டோக்கன் கொடுக்கும் அன்று அவர் இரவுப் பேருந்து ஏறி வந்து, கைரேகை வைத்து, ரூ.2,000 வாங்கிக்கொண்டு, மறுநாள் திரும்பிவிட்டார். பாட்டியின் அடுப்பும் அரிசிப் பானையும் ஆற்றோடு போனது எந்தத் தாளிலும் ஏறவில்லை. ஆற்றோரம் இருந்த நான்கு இருளர் குடும்பங்களில் இரண்டுக்கு அட்டையே இல்லை. கரும்பு வெட்டுக்காக வந்து கொட்டகை போட்டிருந்தவர்களுக்கு அட்டை இருக்கிறது, ஆனால் அது வேறு மாவட்டத்துக் கடையில் இருக்கிறது. குத்தகைக்கு உழுதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பயிர் நிவாரணம் பட்டாதாரருக்குத்தான் போனது.

இவர்கள் அனைவரும் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "உனக்குத்தானே ஓட்டுப் போட்டோம்" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

என் கேள்வி இரண்டு. அவசர காலத்தில் மக்களுக்கு உதவி சேர்ப்பதில் சட்டப்படி ஊராட்சிக்கு ஏதாவது இடம் இருக்கிறதா, அல்லது சோறு பொங்குவதோடு எங்கள் வேலை முடிந்ததா? வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, என்னைப் போன்ற ஒரு வார்டு உறுப்பினர் செய்யக்கூடியது எது?

பதில் 1: ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர்

அம்மா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வருவாய்த் துறையில் இருந்தவன் என்ற முறையில், நீங்கள் குற்றம் சாட்டும் தரப்பிலிருந்து பேசுகிறேன். உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

நிவாரணப் பட்டியல் வருவாய்த் துறையிடம் இருப்பது நேற்று வந்த வழக்கம் அல்ல. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1883இல் சென்னை மாகாணத்துக்கான பஞ்சகால விதித்தொகுப்பு வந்தது. ஊரில் உழைக்க இயலாதவர் யார், இலவச உதவிக்கு உரியவர் யார் என்று பார்க்கும் பொறுப்பு அன்றைய கிராம அதிகாரிகள் மீது விழுந்தது. மணியக்காரரும் கர்ணமும் செய்த அந்த வேலை, 1980 நவம்பரில் பழைய கிராம அதிகாரிகள் முறை ஒழிக்கப்பட்ட பிறகு, கிராம நிர்வாக அலுவலருக்கு வந்து சேர்ந்தது. ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத் தகுதி தந்த 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்ததோ 1993இல்தான். அதாவது, உங்கள் ஊராட்சி இன்றைய வடிவில் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே பட்டியல் எழுதும் கை முடிவாகிவிட்டது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குத் தரத்தக்கவை என்று 29 பொருள்கள் உள்ளன. அவற்றுள் சமூக நலம், நலிந்த பிரிவினர் நலம், பொது விநியோகத் திட்டம் ஆகிய மூன்றும் இருக்கின்றன, பேரிடர் மேலாண்மை இல்லை. இருக்கும் மூன்றையும்கூட மாநிலம் சட்டம் இயற்றி ஒப்படைத்தால்தான் ஊராட்சிக்கு வரும். நியாயவிலைக் கடைகள் இன்றும் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்களிடமே இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு உள்ளாட்சி அமைப்புகளைப் பற்றித் தனியே பேசுகிறது. பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது, தளவாடங்களை ஆயத்தமாக வைப்பது, மாநில, மாவட்டத் திட்டங்களுக்கு உட்பட்டு நிவாரணம், மறுவாழ்வு, மறுகட்டமைப்புப் பணிகளைச் செய்வது ஆகியவை அதில் உள்ளன. அந்தச் சட்டத்தில் ஊராட்சிகளும் உள்ளாட்சி அமைப்பு என்ற சொல்லுக்குள் அடங்கும். ஆகவே "இடம் இருக்கிறதா" என்ற உங்கள் முதல் கேள்விக்கு, "இருக்கிறது, ஆனால் மாவட்டத் திட்டத்தில் உங்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான்" என்பதே நேரான பதில். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். அந்த நாற்காலி மாவட்ட அளவோடு நின்றுவிடுகிறது, ஊர் வரை இறங்குவதில்லை. அந்தச் சட்டத்துக்கு 2025இல் வந்த திருத்தம்கூட மாநிலத் தலைநகருக்கும் மாநகராட்சிகளுக்கும் ஆணையரின் தலைமையில் நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்க வழி செய்ததே தவிர, கிராமங்களுக்கு அப்படி ஒன்றும் செய்யவில்லை.

ஏன் ஊராட்சியிடம் பட்டியலைக் கேட்பதில்லை என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளத்தின்போது, நான் பார்த்துவந்த குறுவட்டத்தில், அதாவது சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதியில், ஓர் ஊரிலிருந்து எனக்கு இரண்டு பட்டியல்கள் வந்தன. ஒன்று தலைவர் கொடுத்தது, மற்றொன்று அவரிடம் தோற்றவர் கொடுத்தது. இரண்டிலும் தலா அறுபது பெயருக்கு மேல் இருந்தன, இரண்டிலும் பொதுவாக இருந்த பெயர்கள் பத்துக்கும் குறைவு. ஒரு பட்டியலில் "முழுச் சேதம்" என்றிருந்த வீடு மற்றொன்றில் இல்லவே இல்லை. நேரில் போய்ப் பார்த்தேன். முன்சுவர் சுண்ணாம்பு அடித்து நேராக நின்றது. வீட்டைச் சுற்றிப் பின்னால் போனால், பின்சுவர் கரைந்து மேட்டுமண்ணாகக் கிடந்தது, கூரை ஒரு பனங்கட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. இருவருமே பொய் சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்று நான் கற்றது வேறொன்று. மண்சுவர் தண்ணீர் நிற்கும்போது விழாது. வடிந்து, இரண்டு மூன்று நாள் வெயில் ஏறிய பிறகுதான் வெடித்துச் சரியும். மேலிடத்திலிருந்து "இன்று மாலைக்குள் கணக்கு வேண்டும்" என்று தொலைபேசி வந்துகொண்டே இருக்க, நாங்கள் எடுத்த முதல் நாள் கணக்கில் அந்தச் சுவர்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. விழுந்தபோது நாங்கள் அடுத்த ஊருக்குப் போயிருந்தோம். ஊரிலேயே இருப்பவர்கள் நீங்கள்தான்.

ஆகவே பட்டியலை எழுதும் பேனா ஊராட்சிக்கு மாற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் பட்டியல் வந்த பிறகு ஒரு வாரம் ஆட்சேபணைக்கும் விடுபட்டோர் சேர்ப்புக்கும் ஒதுக்கி, அந்த வாரத்தின் பொறுப்பை ஊராட்சியிடம் தரலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

பதில் 2: தென்கரை முன்னாள் தலைவர்

நான் ஆற்றின் மறுகரை. கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியின் தலைவராக 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி 5 வரை இருந்தேன். ஃபெஞ்சல் வெள்ளம் எங்கள் பதவிக்காலத்தின் கடைசி மாதத்தில் வந்தது. நாங்கள் முகாமைக் கலைத்து, பாத்திரங்களைக் கழுவி வைத்து, கணக்கை முடிப்பதற்குள் பதவிக்காலம் முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர் வந்துவிட்டார்.

ஐயா சொன்ன இரண்டு பட்டியல் கதையை மறுக்கவில்லை, எங்கள் ஊரிலும் அது உண்டு. ஆனால் அதை மட்டுமே காரணமாகச் சொல்வது சரியல்ல. அதிகாரியின் பட்டியலில் தவறு வந்தால் அது பிழை, தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பட்டியலில் தவறு வந்தால் அது பாரபட்சம் என்ற நினைப்பு நம் நிர்வாகத்தில் ஊறியிருக்கிறது. பாரபட்சம் காட்டும் தலைவரை ஐந்து ஆண்டில் ஊர் வீட்டுக்கு அனுப்பிவிடும். பின்பக்கத்தைச் சுற்றிப் பார்க்காமல் போன அலுவலருக்கு இடமாற்றம்தான் கிடைக்கும், அதுவும் அந்தக் காரணத்துக்காக அல்ல.

இங்கே யாரும் பேசாத பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசு 75 சதவீதமும் மாநிலம் 25 சதவீதமும் போடுகின்றன. அந்தப் பணம் வருவாய் நிர்வாக ஆணையரிடமிருந்து ஆட்சியருக்கும், அவரிடமிருந்து வட்டாட்சியருக்கும் போகிறது. ஊராட்சியின் எந்தக் கணக்கையும் அது தொடுவதில்லை. எங்கள் காலத்தில் ஊராட்சிக்கு வந்தது மாநில நிதிக்குழு மானியமும் மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு மானியமும். பின்னதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று கட்டிப்போட்ட பணம். எஞ்சியதற்கும் முன்கூட்டியே திட்டம் போட்டு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். வீட்டு வரி, குழாய் வரி என்று எங்கள் சொந்த வருமானம் என்ன இருக்கும் என்பதைச் சிறிய ஊராட்சி நடத்தியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மின் கட்டணப் பாக்கியும் எரிந்துபோன மோட்டாரும் அதை விழுங்கிவிடும்.

அந்த நான்கு நாட்களில் நான் வாங்கியவை அரிசி ஆறு மூட்டை, பருப்பு, எண்ணெய், ஜெனரேட்டர் வாடகை, டீசல், குழந்தைகளுக்குப் பால் பவுடர், பாய். அரிசிக் கடைக்காரர் என் முகத்துக்காகக் கடன் கொடுத்தார். பிறகு, மூன்று விலைப்புள்ளி எங்கே, முன்அனுமதி எங்கே, சாப்பிட்டவர்களின் கையெழுத்து எங்கே என்று கணக்குத் தணிக்கையில் ஆட்சேபணை எழுதினார்கள். இடுப்பளவு தண்ணீரில் மூன்று விலைப்புள்ளி வாங்க மூன்று கடைக்கு நீந்திப் போயிருக்க வேண்டும். தண்ணீர் இறைத்த செலவு குடிநீர்க் கணக்கில் போய்விட்டது. அரிசிச் செலவில் ஒரு பகுதி பிற்பாடு வந்தது, மீதியை நான் கட்டினேன். அதனால் எனக்குப் பெரிய நட்டம் இல்லை, நிலம் இருக்கிறது. தனித் தொகுதியில் வென்று, கூலி வேலைக்குப் போய்க்கொண்டே தலைவராக இருக்கும் ஒரு பெண் இதைச் செய்ய முடியுமா? கடைக்காரர் அவர் முகத்துக்குக் கடன் கொடுப்பாரா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடந்த பத்தாண்டில் பெரிய ஆபத்துகள் வந்தபோது உள்ளாட்சியே இருந்ததா என்று எண்ணிப் பாருங்கள். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, எந்த ஊரிலும் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது, எங்கும் தனி அலுவலர்தான். 2020இல் கொரோனா வந்தபோது 27 மாவட்டங்களின் ஊராட்சிகளில் மட்டும் நாங்கள் பதவியேற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. உங்கள் விழுப்புரம் உட்பட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை யாருமில்லை, நகரங்களில் 2022 பிப்ரவரி வரை யாருமில்லை. அன்று ஒவ்வோர் அரிசி அட்டைக்கும் வந்த ரூ.1,000 நியாயவிலைக் கடை வழியாகப் போயிற்று, எங்களுக்கு வந்தது பிளீச்சிங் பவுடர். இப்போது மறுபடியும் எங்கள் பக்கம் தனி அலுவலர். ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர் எத்தனை ஊருக்குப் பொறுப்பு என்பதை எண்ணினால், வரும் மழையில் பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை.

வார்டு உறுப்பினர் அம்மாவுக்கு ஒரே ஒரு நடைமுறை ஆலோசனை. முகாம் திறக்கும் அன்றே ஒரு பதிவேடு வைத்து, வந்தவர் பெயர், தெரு, நேரம் மூன்றையும் எழுதி, கிராம நிர்வாக அலுவலர் எந்த நிமிடம் வருகிறாரோ அந்த நிமிடமே அதில் அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அது சாப்பாட்டுக் கணக்குக்கு மட்டுமல்ல. "இந்தக் குடும்பம் இரண்டு நாளுக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே இருந்தது" என்பதற்கு ஊரில் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று அந்தப் பதிவேடுதான். நான் அதைச் செய்யவில்லை.

பதில் 3: சித்தூர்த் தமிழர், பாலக்காடு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து ஊராட்சிகளில் தமிழ் பேசுவோர் நிறையப் பேர் இருப்பதால் இரு மாநிலத்து நடைமுறையையும் பார்த்துப் பழகியவன். கேரளத்தைக் காட்டி உங்களைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்த சில நாட்களிலேயே சமூகச் சமையலறை நடத்தும் பொறுப்பை மாநில அரசு உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. ஊராட்சி இடமும் பணமும் கொடுத்தது, குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்கள் சமைத்தார்கள், வார்டு உறுப்பினரும் தன்னார்வலர்களும் பொட்டலங்களை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சமையலறைகள் இப்படி இயங்கின. இது சாத்தியமானதற்குக் காரணம் மலையாளிகளின் குணவிசேஷம் அல்ல. 1996இல் மக்கள் திட்டம் என்ற அதிகாரப் பரவல் முயற்சி தொடங்கியதிலிருந்து மாநிலத் திட்ட நிதியில் கணிசமான ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பணம் எப்போதும் வரும் வழியிலேயே அவசரத்துக்கும் வந்தது. சாதாரண நாளில் ஒரு லட்ச ரூபாயை நம்பி ஒப்படைக்காத கையில் வெள்ளத்தன்று எதையும் ஒப்படைக்க யாருக்கும் மனம் வராது.

இருந்தும், 2018 பெருவெள்ளத்தின்போது குடும்பத்துக்கு ரூ.10,000 கொடுத்தது இங்கும் வருவாய்த் துறை வழியாகத்தான். வீட்டுச் சேதத்தைக் கைபேசிச் செயலியில் பதிவுசெய்து கணக்கெடுத்ததில் உள்ளாட்சி ஊழியர்களும் தன்னார்வலர்களும் இருந்தார்கள், ஆயினும் மேல்முறையீடுகள் வந்துகொண்டே இருந்தன. கட்சிக்காரர் வீடு முதலில் வந்தது என்ற புகாரும் இங்கே இல்லாமல் இல்லை.

நீங்கள் எடுத்துக்கொள்ளத் தக்கது என்று நான் நினைப்பது கிராம சபையின் அளவு. கேரளத்தில் கிராம சபை ஊராட்சி முழுமைக்கும் சேர்த்துக் கூடுவதில்லை, ஒவ்வொரு வார்டுக்கும் தனியே கூடுகிறது, வார்டு உறுப்பினர்தான் அதைக் கூட்டுகிறார். பட்டியலைப் படிக்கும்போது, பெயருக்கு உரியவரின் பக்கத்து வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்திருப்பார். 2021இல் தொடங்கிய அதிதீவிர வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கு வார்டு வார்டாக ஆள் தேடித்தான் 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டார்கள். ஆதார், குடும்ப அட்டை இரண்டும் இல்லாதவர்கள் அதில் இருந்தார்கள். அட்டை இல்லாதவரை அட்டையை வைத்துத் தேட முடியாதல்லவா.

உங்கள் மாநிலத்திலும் இது புதிதல்ல. 2005இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டம் என்ற வறுமை ஒழிப்புத் திட்டத்தில் மக்கள் நிலை ஆய்வு என்று ஒன்று செய்தார்கள். தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டு, எந்த வீடு மிகவும் ஏழை, எது ஏழை என்று ஊராரே பிரித்து, அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வைத்து ஒப்புதல் வாங்கினார்கள். அதை ஊரில் நடத்திய கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் பழைய நோட்டு உங்கள் ஊரில் யாருடைய பெட்டியிலாவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

கேட்டவரின் மறுமொழி: வடகரை வார்டு உறுப்பினர்

மூவருக்கும் நன்றி. மக்கள் நிலை ஆய்வின்போது கோலப்பொடி வாங்கி வந்ததே நான்தான், அது இப்போது நினைவுக்கு வருகிறது. அந்த நோட்டு கிடைத்தது. அதில் இருந்த வீடுகளில் பாதி இன்று மாடி வீடு, ஆகவே பெயர்கள் பயன்படவில்லை. ஆனால் பிரித்த முறை பயன்பட்டது.

என் வார்டு சிறியது, நடந்தே முடித்துவிடலாம். கடந்த இரண்டு வாரமாக நானும் குழுவைச் சேர்ந்த இருவரும் மாலையில் வீடு வீடாகப் போய் நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். அட்டைகளை எண்ணவில்லை, அடுப்புகளை எண்ணினோம். ஒரே அட்டையில் இரண்டு மூன்று அடுப்புகள் இருக்கும் வீடுகள் ஒன்பது. அட்டை இருந்தும் ஆள் வெளியூரில் இருக்கும் வீடுகள் ஐந்து. மண்சுவர் வீடுகளுக்கு எதிரே, ஐயா சொன்னதை மனத்தில் வைத்து, வடிந்த மூன்றாம் நாள் மறுபடி பார்க்க வேண்டும் என்று குறித்திருக்கிறேன். படுக்கையில் இருப்பவர்கள், மாதம் நிறைந்த கர்ப்பிணிகள், கைரேகை தேய்ந்துபோன முதியவர்கள் தனிப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

இதற்கு மதிப்பு உண்டா? வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா, அல்லது வார்டு உறுப்பினரின் நோட்டு என்று ஒதுக்கிவிடுவார்களா?

பதில் 4: ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர்

நோட்டாகக் கொடுத்தால் ஒதுக்கிவிடுவார்கள், நானும் அப்படித்தான் செய்திருப்பேன். கிராம சபைத் தீர்மானமாகக் கொடுங்கள். அக்டோபர் 2ஆம் தேதி சபை கூடும், அது பருவமழைக்குச் சரியாகச் சில வாரங்களுக்கு முன்னால் வருகிறது. "வெள்ளத்தால் எளிதில் பாதிக்கப்படக்கூடிய குடும்பங்களின் பட்டியலை ஏற்பது" என்று ஒரு பொருளைச் சேர்த்து, பெயர்களை உரக்கப் படித்து, யாராவது ஆட்சேபித்தால் அதையும் பதிவுசெய்து, தீர்மான எண்ணுடன் ஒரு படியைக் கிராம நிர்வாக அலுவலருக்கும், ஒன்றை வட்டாட்சியருக்கும், ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் அனுப்பி, மூன்றுக்கும் ஒப்புகை வாங்குங்கள். எண் போட்ட தாளைத் தூக்கிப் போட எந்த அலுவலருக்கும் கை கூசும். அந்தப் பட்டியல் நிவாரணத்துக்கான உரிமையைத் தந்துவிடாது. ஆனால் முதல் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால், ஏன் விடுபட்டது என்று விளக்க வேண்டிய சுமை மறுபக்கம் போய்விடும்.

அடுப்பு தனியாக உள்ள ஒன்பது குடும்பங்களுக்கும் இப்போதே இ-சேவை மையத்தில் அட்டை பிரிக்க விண்ணப்பித்துவிடுங்கள். மழைக்குள் வருமா என்பது வேறு, விண்ணப்ப எண் இருந்தால் பேச ஒரு பிடி இருக்கும். குத்தகைதாரர்களுக்கு 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது, ஆனால் நிலத்துக்காரர் சம்மதிக்காமல் ஊரில் யாரும் அந்த வழியில் இறங்க மாட்டார்கள். குறைந்தபட்சம், அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கில் சாகுபடி செய்தவர் பெயர் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவையுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: வடகரை வார்டு உறுப்பினர்

செயலரிடம் பேசினேன். கூட்டப் பொருளில் சேர்க்க ஒப்புக்கொண்டார். ஆனால், மற்ற வார்டுகளின் பட்டியல் இல்லாமல் என் வார்டின் பட்டியல் மட்டும் வந்தால் சண்டை வரும் என்கிறார், அது நியாயந்தான். ஆகவே மற்ற வார்டு உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் எழுதத் தொடங்கிவிட்டார், இருவர் பார்க்கலாம் என்றார்கள், தலைவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

திருப்பூர் மகனிடமும் தொலைபேசியில் பேசினேன். அட்டையிலிருந்து அம்மாவின் பெயரை நீக்கச் சம்மதித்தார், ஆனால் அட்டை நகல் அனுப்ப இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிப் பத்து நாளாகிறது.

ஒன்று மட்டும் பட்டியலில் சேரவில்லை. கரும்பு வெட்டுக்காரர்கள் வெட்டுத் தொடங்கும்போதுதான் வருவார்கள், அக்டோபர் 2ஆம் தேதி சபையில் படிக்க அவர்களுக்குப் பெயரே இருக்காது. நோட்டின் கடைசி நான்கு பக்கங்களை அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். கொட்டகை போட இடம் கொடுக்கும் நிலத்துக்காரர், ஆட்கள் வந்திறங்கும் அன்றே எனக்குச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நவம்பர் 1ஆம் தேதி அடுத்த கிராம சபை. அதற்குள் வந்துவிட்டால் துணைப் பட்டியலாகச் சேர்த்துவிடுவேன்.